பாட்டிக்கு மட்டும் ஏன் காய்ச்சல் வரவில்லை?

இந்த வாரம் நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிப் படிக்கப் போகிறோம். வழக்கம்போல் படம் வரைந்து தொடங்காமல், என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நான் அப்போது ஐந்தாம் படிவ மாணவி. அப்பா, அம்மா, தம்பி, நான், பாட்டி என வீட்டில் ஐந்து பேர். ஒரே வாரத்தில் நான்கு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டோம். முதலில் நான், அடுத்து தம்பி, பிறகு அம்மா, கடைசியாக அப்பா. படுக்காதவர் பாட்டி ஒருவர்தான். அவருக்கு அப்போது 72 வயது. எங்களுக்குக் கஞ்சி காய்ச்சியதும், மிளகு ரசம் வைத்ததும், நெற்றியில் ஈரத்துணி போட்டதும் அவர்தான். எங்கள் நால்வரின் இருமலுக்கு நடுவே பத்து நாள் இருந்தவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

"தோட்டத்துல வெயில் மழைன்னு பார்க்காம உழைச்ச உடம்பு, அதான்," என்றார் அம்மா. நானும் அதை நம்பினேன். ஆசிரியராகி நோய் எதிர்ப்பாற்றல் பாடத்தை நடத்தத் தொடங்கிய பிறகுதான் இதைவிட நல்ல விளக்கம் ஒன்று இருப்பது தெரிந்தது. அந்த விளக்கத்தைத் தெரிந்துகொள்ள 2009இலிருந்து 1957க்கும், அங்கிருந்து 1918க்கும் போய்வர வேண்டும்.

2009: எங்கள் வகுப்பறை

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் ஒரு புதிய சளிக்காய்ச்சல் வைரஸ் கண்டறியப்பட்டது. அதன் பெயர் எச்1என்1. மே 15ஆம் தேதி மலேசியாவில் முதல் நோயாளி உறுதி செய்யப்பட்டார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய மாணவர் அவர். ஜூன் 11ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் இதை உலகம் தழுவிய தொற்று என அறிவித்தது. 1968க்குப் பிறகு, அதாவது 41 ஆண்டுகளுக்குப் பிறகு, சளிக்காய்ச்சலுக்கு அப்படியோர் அறிவிப்பு வந்தது அதுவே முதல் முறை.

ஊரில் எல்லாரும் அதைப் 'பன்றிக் காய்ச்சல்' என்றே சொன்னார்கள். வைரசின் மரபணுக்கள் பன்றிகளிடம் பரவிவந்த வைரஸ்களிலிருந்து வந்தவை என்பதால் ஏற்பட்ட பெயர் அது. சமைத்த பன்றி இறைச்சியைச் சாப்பிடுவதால் அந்த நோய் பரவாது. மனிதரிடமிருந்து மனிதருக்கு, இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகள் வழியாகத்தான் அது பரவியது. ஆனால் எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் அந்தப் பெயரை வைத்தே ஆயிரம் வதந்திகள் கிளம்பின.

எனக்கு நினைவில் நிற்பவை சின்னச் சின்னக் காட்சிகள். சபைகூடல் நிறுத்தப்பட்டது. காலையில் பள்ளி வாசலில் வரிசையாக நிற்க வைத்து உடல் வெப்பத்தைப் பார்த்தார்கள். மருந்துக்கடையில் முகக்கவரி தீர்ந்துபோயிருந்தது. யாராவது தும்மினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதே நேரத்தில்தான் எங்களுக்கு எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வும் வந்தது. நாங்கள் அதை 'டிரையல்' என்போம்.

பனடோல் யாரை ஏமாற்றியது?

இப்போது நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும்.

டிரையல் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஞாயிறு இரவு, எனக்குக் காய்ச்சல் கண்டது. உடல் வலி, தொண்டை வலி, வறட்டு இருமல். திங்கட்கிழமை காலையில் வெப்பமானி 38.6 பாகை காட்டியது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பனடோல் மாத்திரைகளை விழுங்கிவிட்டுக் கிளம்பினேன். பள்ளி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெப்பம் இறங்கியிருந்தது. உள்ளே விட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே செய்தேன். புதன்கிழமை எழுந்து நிற்க முடியவில்லை.

இதிலுள்ள அறிவியலைக் கவனியுங்கள். நம் மூளையில் ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. குளிரூட்டியில் 24 பாகை என்று நாம் அளவு வைப்பதுபோல, உடல் எவ்வளவு வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று அளவு வைப்பது அதன் வேலை. கிருமி நுழைந்ததும் வெள்ளையணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அதனால் ஹைப்போதலமஸ் அந்த அளவை உயர்த்துகிறது. அதுதான் காய்ச்சல். பனடோலில் உள்ள பாரசிட்டமோல் அந்த அளவைச் சில மணி நேரத்திற்குக் கீழே இறக்குகிறது. அவ்வளவுதான். வைரசை அது தொடுவதே இல்லை. என் தொண்டையில் வைரஸ் எப்போதும்போல் பெருகிக்கொண்டுதான் இருந்தது. ஏமாந்தது வாசலில் இருந்த வெப்பமானிதான்.

பொதுவாகச் சளிக்காய்ச்சல் கண்டவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்குகிறார். அறிகுறி தெரிந்த பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பலாம். முதல் மூன்று, நான்கு நாள்களில் பரவும் வாய்ப்பு மிக அதிகம். நான் தேர்வு எழுதிய இரண்டு நாளும் அந்தக் காலத்திற்குள்தான் வருகின்றன.

என் பக்கத்து மேசையில் அமர்ந்தவள் என் நெருங்கிய தோழி. அவளுக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா. புதன்கிழமை அவள் இருமத் தொடங்கினாள். வழக்கமான ஆஸ்துமா என்று நினைத்து, கையிலிருந்த மூச்சு மருந்தையே இழுத்துக்கொண்டு தேர்வு எழுதினாள். சனிக்கிழமை மூச்சுவிட முடியாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். அங்கு சோதித்துப் பார்த்ததில் எச்1என்1 உறுதியானது. நான்கு நாள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். பிழைத்து வந்தாள். நவம்பரில் எங்களோடு எஸ்.பி.எம். தேர்வும் எழுதினாள். ஆனால் அந்த நான்கு நாளும் நான் எப்படி இருந்தேன் என்பதை இப்போதும் என்னால் சரியாக எழுத முடியவில்லை. எனக்குக் காய்ச்சல் இருந்ததை அவளிடம் அப்போது சொல்லவும் இல்லை.

1957: பாட்டியின் காய்ச்சல்

அந்த நாள்களில்தான் பாட்டி தன் கதையைச் சொன்னார். நான் படுக்கையில் கிடந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் இது மாதிரி ஒரு காய்ச்சல் வந்துச்சு கண்ணு. மெர்டேக்கா வாங்கினோமே, அதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி. தோட்டத்துல லயம் லயமா படுத்துக் கெடந்தாங்க. காலையில பிரட்டுக்கு நிக்கறதுக்கு ஆள் இல்ல. டிரஸ்ஸர் ஐயா வீடு வீடா வந்து மருந்துத் தண்ணி ஊத்தினாரு."

"நீங்க எத்தனை நாள் படுத்தீங்க பாட்டி?"

"எங்க படுக்கறது? ரெண்டு நாளு. மூணாம் நாளு மரம் வெட்டப் போயிட்டேன். போகலைன்னா சம்பளம் இல்லையே. அடுத்த வீட்டுத் தாத்தாதான் பாவம், எந்திரிக்கவே இல்ல."

பாட்டிக்கு ஆண்டு சொல்லத் தெரியவில்லை. ஆனால் மெர்டேக்காவைச் சொன்னார். நாடு விடுதலை பெற்றது 1957 ஆகஸ்டு 31. அதற்குச் சில மாதங்களுக்கு முன், மே மாதத்தில், சிங்கப்பூரில் ஒரு புதிய சளிக்காய்ச்சல் பெருமளவில் பரவியது. மலாயாவும் தப்பவில்லை. 'ஆசியக் காய்ச்சல்' என்று உலகம் அதை அழைத்தது. உலகெங்கும் பத்து லட்சத்திற்கும் அதிகமானோர் அதில் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பாட்டி சொன்னதும் வரலாறு சொல்வதும் பொருந்துகின்றன.

அந்த ஆண்டு சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட வைரஸ் மாதிரி ஒன்றை உலக ஆய்வுக்கூடங்கள் இன்றும் ஒரு பெயரால் குறிப்பிடுகின்றன: ஏ/சிங்கப்பூர்/1/57. முதலில் வைரசின் வகை, அடுத்து மாதிரி எடுத்த இடம், பிறகு மாதிரியின் எண், கடைசியில் ஆண்டு. 2009ஆம் ஆண்டுத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வைரசின் பெயர் ஏ/கலிபோர்னியா/7/2009. இனி இத்தகைய பெயரை எங்கே பார்த்தாலும் உங்களால் பிரித்துப் படிக்க முடியும்.

அதே 1957 ஏப்ரலில், அமெரிக்காவில் மோரிஸ் ஹில்மன் என்ற அறிவியலாளர் நாளிதழில் ஒரு செய்தியைப் படித்தார். ஹாங்காங்கில் ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலோடு மருத்துவத்திற்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பது செய்தி. இது புதிய வைரசாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. உடனே அங்கிருந்து மாதிரியை வரவழைத்துச் சோதித்தார். பலருடைய இரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தும் அந்த வைரசை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் கிடைக்கவில்லை. பெரும்பாலோரின் உடலுக்கு அது முன்பின் தெரியாத வைரஸ் என்று அவருக்குப் புரிந்தது. அவர் முன்கூட்டியே எச்சரித்ததால் அந்த ஆண்டிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ நான்கு கோடி ஊசிகளுக்கான தடுப்பு மருந்து தயாரானது.

பாட்டி 1957இல் 20 வயதுப் பெண். உடல் உழைப்பில் உரமேறிய வயது. அப்போது காய்ச்சல் அவரைப் படுக்க வைத்தது. 72 வயதில் வந்த காய்ச்சலோ அவரைத் தொடவில்லை. 'உழைத்த உடம்பு' என்ற அம்மாவின் விளக்கம் இங்கே உதவாது. உழைப்புதான் காரணம் என்றால் 20 வயதில்தானே தப்பியிருக்க வேண்டும்?

வைரசின் சட்டை

சளிக்காய்ச்சல் வைரசின் மேற்பரப்பில் முட்கள்போல் இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. ஒன்று ஹெமாகுளூட்டினின், சுருக்கமாக 'எச்'. நம் உயிரணுவில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைய உதவுவது இது. மற்றொன்று நியூராமினிடேஸ், சுருக்கமாக 'என்'. புதிதாக உருவான வைரஸ்கள் உயிரணுவை விட்டுப் பிரிந்து வெளியேற உதவுவது இது. எச்1, எச்2, எச்3 என்றும் என்1, என்2 என்றும் இவற்றில் பல வகைகள் உண்டு. நம் உடல் வைரசை அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்தப் புரதங்களை வைத்துத்தான். பள்ளிச் சீருடையைப் பார்த்து எந்தப் பள்ளி என்று சொல்கிறோம் அல்லவா, அதுபோல.

இந்தச் 'சட்டை' இரண்டு விதமாக மாறுகிறது. முதலாவது, சிறுகச் சிறுக நிகழும் மாற்றம். வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு சட்டையின் நிறம் கொஞ்சம் வெளுக்கும், கொஞ்சம் மாறும். சளிக்காய்ச்சல் தடுப்பூசியை அவ்வப்போது புதுப்பிப்பது இதனால்தான்.

இரண்டாவது, சட்டையையே மாற்றிக்கொள்வது. இந்த வைரசின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வெவ்வேறு வைரஸ்கள் ஒரே உயிரணுவுக்குள் நுழைந்தால், அந்தத் துண்டுகள் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல் கலந்து, புதிய வைரஸ் ஒன்று பிறக்கலாம். 1957இல் நடந்தது அதுதான். மனிதரிடம் அதுவரை இருந்த எச்1என்1 வைரஸ், பறவைகளின் வைரசிலிருந்து மூன்று துண்டுகளைப் பெற்றது. அந்த மூன்றில் இரண்டு, எச் புரதத்திற்கும் என் புரதத்திற்கும் உரியவை. எச்2என்2 பிறந்தது. பாட்டியின் உடலுக்கு அந்தச் சட்டை முற்றிலும் புதிது. அதனால்தான் 20 வயதிலும் படுத்தார்.

இப்போது காலவரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1918இல் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைப் பலிகொண்ட பெருந்தொற்று எச்1என்1. அதன் வழித்தோன்றல்கள் 1957 வரை மனிதரிடம் ஆண்டுதோறும் பரவின. 1957இல் எச்2என்2 வந்ததும் அவை மறைந்தன. 1968இல் எச்3என்2 வந்ததும் எச்2என்2 மறைந்தது. 1977இல் பழைய எச்1என்1 மீண்டும் தலைகாட்டி, சிறுகச் சிறுக மாறிக்கொண்டே வந்தது.

1918 வைரசின் இன்னொரு கிளை பன்றிகளிடம் தங்கிவிட்டது. அங்கே அதன் எச் புரதம் மனிதரிடம் மாறிய அளவுக்கு வேகமாக மாறவில்லை. 2009இல் மனிதரிடம் வந்த புதிய வைரஸ் அணிந்திருந்தது பன்றிகளிடம் இருந்த அந்தப் பழைய சட்டையைத்தான். எனக்கும் என் பெற்றோருக்கும் அது புதிய சட்டை. பாட்டிக்கு எப்போதோ பார்த்த சட்டை.

இரத்தத்தில் இருக்கும் நினைவு

ஒரு கிருமி முதல் முறை நுழையும்போது, அதற்குப் பொருந்தும் எதிர்ப்பொருளைப் போதுமான அளவில் தயாரிக்க உடலுக்கு ஒரு வாரத்திற்கு மேல் ஆகலாம். அதற்குள் நாம் நோயில் விழுந்துவிடுகிறோம். நோய் தீர்ந்த பிறகு, அந்தப் போரில் ஈடுபட்ட பி வகை வெள்ளையணுக்களில் சில சாகாமல் தங்கிவிடுகின்றன. இவைதான் நினைவு அணுக்கள். அதே சட்டை மீண்டும் கண்ணில் பட்டால், இவை விரைவாகப் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. பல நேரங்களில் கிருமி வந்ததே நமக்குத் தெரியாமல் போய்விடும். தடுப்பூசி செய்வதும் இதையேதான். நோயைத் தராமல் நினைவை மட்டும் தருகிறது.

இந்த நினைவு எத்தனை ஆண்டு நிற்கும்? 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. 1918 பெருந்தொற்றுக் காலத்தில் சிறுவர்களாக இருந்து, 91 முதல் 101 வயது வரை வாழ்ந்த 32 பேரின் இரத்தத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அனைவரின் இரத்தத்திலும் 1918 வைரசை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் இருந்தது. சிலரிடமிருந்து எடுத்த அணுக்கள் சுரந்த எதிர்ப்பொருள், அந்த வைரசால் தாக்கப்பட்ட எலிகளைக் காப்பாற்றியது. 90 ஆண்டுகளுக்குப் பிறகும் உடல் மறக்கவில்லை.

2009 தொற்று பரவத் தொடங்கியதும், ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளை அமெரிக்காவில் சோதித்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் புதிய வைரசை எதிர்க்கும் எதிர்ப்பொருள் இருந்தது. சிறுவர்களிடம் அது இல்லை. வழக்கமான சளிக்காய்ச்சலில் இறப்போரில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். ஆனால் 2009இல் உலக அளவில் இறந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று மதிப்பிடுகிறார்கள். முதியவர்களுக்கு ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அவர்களில் நோய் கண்டவர்கள் கடுமையாகவே பாதிக்கப்பட்டார்கள். ஆனால் நோய் கண்டவர்கள் குறைவு.

பாட்டி 1937இல் பிறந்தவர். அவருடைய முதல் 20 ஆண்டுகள் எச்1என்1 பரவிய ஆண்டுகள். தோட்டத்து லயத்தில் எத்தனையோ முறை அந்தச் சளிக்காய்ச்சல் அவருக்கு வந்திருக்கலாம். அவர் அதை மறந்துவிட்டார். அவருடைய இரத்தம் மறக்கவில்லை.

நினைவு சான்று ஆகுமா?

இந்த இடத்தில் ஒரு நல்ல மாணவர் கையைத் தூக்க வேண்டும். "ஆசிரியை, பாட்டியின் இரத்தத்தைச் சோதித்தீர்களா?"

இல்லை. எனவே, பாட்டி தப்பியதற்கு நினைவு அணுக்கள்தான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றில் ஒருவரிடம் எதிர்ப்பொருள் இருந்தது என்றால், மூன்றில் இருவரிடம் இல்லை. அவருக்குத் தொற்று வந்தும் அறிகுறி தெரியாமல் போயிருக்கலாம். வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். மக்கள் தொகை முழுவதற்கும் நிறுவப்பட்ட ஓர் உண்மை, ஒரு தனி மனிதருக்கு வாய்ப்பை மட்டுமே காட்டும். 'பொருத்தமான விளக்கம்' வேறு, 'நிறுவப்பட்ட விளக்கம்' வேறு. தேர்விலும் வாழ்க்கையிலும் இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள்.

என் சொந்த நினைவையும் சோதித்துப் பார்த்தேன். அந்தக் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்திருந்ததாகப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தால் ஆறே நாள். பயம் நாள்களை நீட்டிவிட்டது. இப்போது நான் எழுதியிருக்கும் கிழமைகளும் 38.6 என்ற எண்ணும் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை. என் நினைவிலிருந்து எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பிறகு, என் தோழி. அவளுக்கு நான்தான் பரப்பினேனா? தொற்று நுழைந்த ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் அறிகுறி தெரியும். திங்கள், செவ்வாய் என் பக்கத்தில் இருந்தாள். புதன்கிழமை இருமினாள். கணக்குப் பொருந்துகிறது. ஆனால் அந்த வாரம் வகுப்பில் வேறு பலரும் இருமினார்கள். எனக்குச் சோதனை எடுக்கவில்லை. எனவே எனக்கு வந்தது எச்1என்1தானா என்பதற்கே சான்று இல்லை. நான்தான் காரணம் என்றும் நிறுவ முடியாது, நான் இல்லை என்றும் நிறுவ முடியாது. குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ அறிவியல் எனக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது.

தோழியின் பதில்

2020இல் எல்லாரும் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது, ஒருநாள் அவளைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு ஆண்டு தாமதம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தாள்.

"நீ மட்டுமா இருமினே? அந்த வகுப்பே இருமுச்சுலா."

சரி, மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முடிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். உனக்குக் காய்ச்சல்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் ஆஸ்துமான்னு நினைச்சு மூணு நாளு இருந்திருக்க மாட்டேன். அன்னிக்கே டாக்டரைப் பார்த்திருப்பேன்."

அதுவரை நான் என் இருமலை மட்டுமே குற்றமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மௌனத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. சளிக்காய்ச்சலுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து, அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்கிறது. ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த இரண்டு நாள் மிக முக்கியம். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய அந்த இரண்டு நாளை என் மௌனம் எடுத்துக்கொண்டது.

பாட்டி 2016இல் காலமானார். அவருடைய நினைவு அணுக்கள் அவரோடு போய்விட்டன. இரத்தத்தின் நினைவை ஒருவர் அடுத்தவருக்கு எழுதிவைக்க முடியாது. தாயிடமிருந்து குழந்தைக்குச் சில மாதங்களுக்குப் போதுமான எதிர்ப்பொருள் கிடைக்கும், அவ்வளவே. எச்2என்2 1968இல் மனிதரிடமிருந்து மறைந்ததால், அதன் பிறகு பிறந்த உங்களுக்கும் எனக்கும் அந்தச் சட்டை தெரியாது. அதைப் பார்த்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் வாயால் சொல்லும் நினைவை ஒருவர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பாட்டி சொன்னதால்தான் 1957 எனக்குத் தெரியும். நான் சொல்லாததால்தான் என் தோழி மூன்று நாள் காத்திருந்தாள்.

பாட்டி மூன்றாம் நாள் மரம் வெட்டப் போனது சம்பளத்துக்காக. நான் பள்ளிக்குப் போனது தேர்வுக்காக. நோயோடு வெளியே போகிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர், பயந்தவர்கள். ஆகவே என் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். காய்ச்சல் கண்டவர் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும், அடுத்து வகுப்புப் புலனக் குழுவில் தெரிவிக்க வேண்டும். பக்கத்தில் அமர்ந்தவர் அதைப் படித்தாக வேண்டும். விடுபட்ட பாடத்தையும் தேர்வையும் நான் பார்த்துக்கொள்வேன். இதுவரை ஒரு மாணவரும் அதனால் பின்தங்கியதில்லை.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் நினைவிலுள்ள பெரிய காய்ச்சலைப் பற்றிக் கேளுங்கள். ஆண்டு தெரியாவிட்டால், அப்போது நடந்த திருமணம், வெள்ளம், தேர்தல் எதையாவது கேட்டு ஆண்டைக் கண்டுபிடியுங்கள்.

2. அவர் சொன்னதை இரண்டு பத்தியாக எழுதுங்கள்: 'அவர் கண்டது', 'அவர் கேள்விப்பட்டது'. இரண்டும் ஒன்றல்ல.

3. 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளைக் காலக்கோட்டில் குறித்து, வைரசின் எச், என் எண்களை எழுதுங்கள். உங்கள் வீட்டில் உள்ளவர்களின் பிறந்த ஆண்டையும் சேருங்கள். யாருடைய உடல் எந்தச் சட்டையைப் பார்த்திருக்கலாம் என்று பேசிப் பாருங்கள்.

சிந்தியுங்கள்

1. காய்ச்சல் மாத்திரை போட்டவரின் உடல் வெப்பம் 36.8 பாகை. அவர் பள்ளிக்கு வரலாமா? காரணம் கூறுக.

2. 1957இல் 20 வயதுப் பெண்ணுக்கு எச்1என்1 நினைவு அணுக்கள் இருந்தும் அவர் ஏன் நோயுற்றார்?

3. 'என் தாத்தா தடுப்பூசி போட்டதே இல்லை, அவருக்குக் காய்ச்சலும் வந்ததில்லை. எனவே தடுப்பூசி தேவையில்லை.' இந்த வாதத்தில் உள்ள குறை என்ன?

விடைகளை வகுப்பில் விவாதியுங்கள். அதற்கு முன், இன்று உங்களுக்கு இருமல் இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.